பதினாறு ஆயுத பூஜையும் ஒரு சேசிஸ் நம்பரும்

விதி தெளிவாகவே இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும் பதினான்கு நாட்களுக்குள் பதில் போயாக வேண்டும். முழுப் பதில் தர இயலாவிட்டால், தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். இடைக்காலப் பதில் போய்விட்டால் விதி நிறைவேறியதாகவே கொள்ளப்படும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்தவன் நான். பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தபோது ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், பசியில் எழுதியது. அதைச் சேர்த்த மாதமே எங்கள் அலுவலகத்தில் தாமதமான கடிதம் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை போயிற்று. இயக்குநர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன். கடிதம் எழுதியவர்கள் மகிழ்ந்தார்களா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓய்வு பெற்றேன். இயக்குநரின் டிரைவர் எனக்கு அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். அவர் ஓட்டிய காரையும் அதே வருடம் கழித்துக்கட்டினார்கள். கறுப்பு நிறம், ஆறு சிலிண்டர், பின்சீட்டில் திரைச்சீலை, சிகரெட் பற்றவைக்கத் தனிக் குமிழ். பதினாறு வருடம் மூன்று இயக்குநர்களைச் சுமந்த கார். டெண்டர் விட்டார்கள். டிரைவர் டெண்டர் போட்டார், அவருக்கே கிடைத்தது. வேறு யாருமே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது அவர் வருத்தப்படவில்லை. "சாமி மத்தவங்க கண்ண மறைச்சிருச்சிங்க ஐயா" என்றார். அந்தக் காரின் அடிப்பாகத்தைப் பார்த்தவன் என்ற முறையில், சாமி யாருடைய கண்ணை மறைத்தது என்பதில் எனக்கு வேறு கருத்து இருந்தது.

அவர் காரை வாங்கியது ஆசைக்காக மட்டும் அல்ல. கிள்ளானிலிருந்து வாடகைக் கார் ஓட்டப் பெர்மிட் கேட்டு ஒன்பது வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்தவன் நான். கடைசியில் உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் ஒரு காரைக் கொண்டுவந்து, சாலைக்குத் தகுதியானது என்று சோதனையில் தேறிய சான்றையும் காட்டினால் பெர்மிட் அவருக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிள்ளான் பண்டமாரானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார். நான் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

"ஆறு மாசத்துல பாஸாகலைன்னா, ஐயா?"

"அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"அடுத்த ஆளு யாருங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனா அவருக்கு உங்களைத் தெரியும். உங்க காரு ஃபெயிலாகணும்னு இந்நேரம் வேண்டுதல் வச்சிருப்பாரு."

டிரைவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. இருபது வயதிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற முதல் மாதம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலை மிதித்துக்கொண்டிருந்தாராம். அவர் மனைவியே சொன்னார். பென்ஷனில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஓட்ட ஒரு வண்டியும் போக ஓர் இடமும் இல்லாமல் அந்த மனிதரால் இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் சோதனைக்கு நானும் கூடப் போனேன். முறைகள் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

உயர் அதிகாரிகளின் பழைய கார்கள் சோதனையில் எப்படித் தோற்கும் என்பதை அன்று படித்தேன். சிறிய கார்கள் ஏழைகளைப் போல, ஏதாவது ஒன்று இல்லாததால் தோற்கின்றன. பெரிய கார்கள் எல்லாம் இருப்பதால் தோற்கின்றன. பவர் ஸ்டியரிங் இருந்தது, அதிலிருந்து எண்ணெய் சொட்டியது. ஜன்னலை இறக்க மின்விசை இருந்தது. டிரைவர் பக்கத்து ஜன்னல் பாதியில் நின்றுவிட்டது, கையை வெளியே நீட்டிச் சைகை காட்ட முடியவில்லை. ஹேண்ட்பிரேக் ஒரு சக்கரத்தைப் பிடித்தது, மற்றதைக் கேள்விப்படவே இல்லை. கதவுகளுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தில் அதிகாரி சுத்தியலால் மெல்லத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. கார் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்பக்க இடது ஸ்பிரிங் உட்கார்ந்துபோயிருந்தது. அதனால் முன்பக்க வலது விளக்கு எதிரே வரும் வண்டியின் கண்ணைக் குத்தும் உயரத்தில் ஒளியைப் பாய்ச்சியது. மூன்று இயக்குநர்களும் பதினாறு வருடம் பின்சீட்டில் இடதுபக்கமே உட்கார்ந்தவர்கள். மூவரும் நல்ல கனம். எங்கள் அலுவலகத்தில் மேலிடம் விட்டுச் சென்ற தடம் என்று நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

சோதனை அதிகாரி ஒரு மலாய்க்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நிதானமானவர். குறைகளை ஒவ்வொன்றாக எழுதித் தாளை நீட்டினார். பதினொன்று இருந்தன. "காருக்கு வெளிப்பக்கம் ரொம்ப அழகு, பாக்சிக்" என்று, பெரியவர்களை 'மாமா' என்றழைக்கும் மலாய் மரியாதையோடு, டிரைவரிடம் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. காரின் கறுப்புப் பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது.

கிள்ளானில் ஒரு சீன ஃபோர்மனின் ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டோம். ஊரார் டவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடும் அவருக்குத் தமிழ் நன்றாக வரும். அடியில் படுத்துக்கொண்டே பேசினார்.

"அண்ணே, இது நல்ல காரு. சாமான்தான் ஜாஸ்தி லா. இந்த ஜன்னல் மோட்டர் இங்க கிடைக்காது. கையால சுத்தற மாதிரி மாத்திடவா?"

டிரைவருக்கு முகம் சுருங்கியது. "டைரக்டர் காருங்க டவுக்கே. கையால சுத்தறதா?"

"இப்ப யாரு டைரக்டர்? நீதானே? உனக்குக் கை இல்லையா?"

ஜன்னல் கையால் சுற்றுவதாக மாறியது. பின்பக்கத்து இரண்டு ஸ்பிரிங்கும் மாறின. ஜாக்கி இடத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். திரைச்சீலையைக் கழற்றச் சொன்னபோது மட்டும் டிரைவர் அதை மடித்து, இஸ்திரி போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார். ஏழு வாரம் ஆயிற்று.

இரண்டாவது சோதனையில் பதினொன்றும் தேறின. அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், சுத்தியலால் தட்டினார். சுத்தியல் வெளியிலேயே நின்றது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தை நிதானமாக வைத்துக்கொண்டேன். அப்போது அதிகாரி பானெட்டைத் திறந்து, டார்ச் லைட்டை உள்ளே அடித்தார். முதல் சோதனையில் எழுதவே இவ்வளவு இருந்ததால் அந்த இடத்துக்கு அவர் வந்திருக்கவில்லை.

"பாக்சிக், சேசிஸ் நம்பர் எங்கே?"

காரின் உடம்பில் அந்த நம்பர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று, ஆணியடித்த ஒரு சிறு தகட்டில். மற்றது, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரில் நேரடியாகக் குத்தியது. தகட்டைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்து மீசை ஒதுக்கலாம். நம்பர் இல்லை. இரும்புச் சுவரில் முதல் நான்கு எண்கள் மங்கலாகத் தெரிந்தன, அதில் மூன்றாவதான ஏழு சற்றுச் சாய்ந்திருந்தது. மிச்சம் எல்லாம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. விரல் வைத்தால் வழுக்கியது.

திருட்டுக் கார்களில் நம்பரை இப்படித்தான் ராவுவார்கள் என்பது அதிகாரிக்குத் தெரியும். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு டிரைவரின் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரலில் மரியாதை குறைந்தது.

"யார் இதைத் தேய்த்தது?"

"நான்தான் என்சிக்" என்றார் டிரைவர் உடனே, பெருமையாக. "ஒவ்வொரு வருஷமும் நான்தான் தேய்ப்பேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டிரைவர் காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார். எல்லா டிரைவர்களும் செய்வதுதான். இவர் ஒரு படி மேலே போனார். வண்டிக்குப் பெயர் என்றால் அது சேசிஸ் நம்பர்தான், பிளேட் நம்பர் சட்டை மாதிரி, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அதனால் பொட்டு நம்பரின் மேலேயே வைப்பார். அதற்கு முன்னால், பழைய பொட்டும் எண்ணெய் அழுக்கும் போக, உப்புத்தாளால் நன்றாகத் தேய்ப்பார். தகட்டுக்குப் புளியும் சாம்பலும், குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி. பதினாறு ஆயுத பூஜை. உப்புத்தாளுக்குப் பக்தி இரும்பு என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது.

இதில் என் பங்கும் உண்டு. அரசாங்கக் கார்களை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். எட்டாவது கட்டம்: சேசிஸ் எண் தெளிவாக உள்ளதா? ஆம் என்று வருடா வருடம் கையெழுத்துப் போட்டவன் நான். பானெட்டை எப்படித் திறப்பது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

நான் மலாயில் அதிகாரியிடம் விளக்கினேன். விளக்கி முடிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு வேறு, சான்று வேறு. "பதிவுக் கார்டில் நம்பர் இருக்கிறது, காரில் இல்லை. இந்தக் கார்டு இந்தக் காருக்குத்தான் என்று எனக்கு யார் சொல்வது? முன்பு வைத்திருந்தவர்கள் எழுத்தில் உறுதி செய்யட்டும். நான் நம்பரைத் திரும்பக் குத்த அனுமதிக்கிறேன்" என்றார்.

முன்பு வைத்திருந்தவர்கள் என்றால் எங்கள் அலுவலகம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பதினாலு நாள், டிரைவர்" என்றேன். "பதினாலே நாள். என்னோட ஆபீஸ் அது."

அன்று மாலையே கடிதம் எழுதினேன். எண்ணிட்ட நான்கு பத்தி, இரண்டு இணைப்பு. பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது. வாசகம் அட்சரம் மாறாமல் நான் எழுதியது. அதைப் பார்த்தபோது, பழைய மாணவன் வாத்தியாருக்கே பிரம்பைக் காட்டியதுபோல இருந்தது.

அடுத்த பதினான்கு நாளில் இன்னொன்று. அதற்கடுத்ததும் அப்படியே. தேதி மட்டும் மாறும். ஒவ்வொரு கடிதமும் வந்ததும் டிரைவர் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வருவார், நான் வாசித்துச் சொல்வேன், அவர் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொள்வார்.

"அதில ஒண்டுமில்லை, டிரைவர். எறிஞ்சிட்டுப் போங்கோ" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். எங்கள் வீட்டில் பேச்சு இன்னும் யாழ்ப்பாணம்தான்.

"கவர்மெண்ட் முத்திரை இருக்குங்கம்மா."

அவர் போனதும் மனைவி என் பக்கம் திரும்பினாள். "முப்பத்து மூண்டு வருசம் நீங்கள் ஊருக்கெல்லாம் இதைத்தானே அனுப்பினீங்கள்?"

"எல்லாருக்கும் இல்லை."

"இப்பத்தான் ஒண்டு வீட்டுக்கு வந்திருக்கு. வாசிச்சுப் பாருங்கோ, நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள்."

நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

நான்காவது இடைக்காலப் பதிலுக்குப் பிறகு நேரில் போனேன். என் நாற்காலியில் இப்போது ஒரு பெண்மணி. என்னிடம் கோப்பு கட்டப் படித்தவர், நல்ல கெட்டிக்காரி. எழுந்து நின்று, தேநீர் வரவழைத்து, விசிறியை என் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உங்க லெட்டர் வந்த அன்னைக்கே கார் ஃபைலைத் தேடினேன் சார். இது அழிச்ச ஃபைல்களோட லிஸ்ட்."

பட்டியலின் நடுவில் அந்தக் காரின் பதிவு எண் இருந்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட கொள்முதல் கோப்புகள், விதிப்படி அழிக்கப்பட்டன. கீழே கையெழுத்து என்னுடையது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம். வருகிறவருக்கு அறையைச் சுத்தமாக விட்டுப்போக வேண்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. அன்று எனக்கிருந்த நிம்மதியும்.

"கார் ஓடிக்கிட்டிருந்தா ஃபைலை வச்சிருக்கணும்னு ஒரு விலக்கு இருக்கே" என்றேன்.

"இருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க." அவர் குரலில் குத்தல் இல்லை. அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது. "ஃபைல் இல்லாம நான் எதை வச்சு உறுதி பண்றது? இல்லைன்னு எழுதினா அந்த டிரைவர் கதை முடிஞ்சது. அதனாலதான் இடைக்காலப் பதில் போட்டுக்கிட்டே இருக்கேன். லெட்டர் உயிரோட இருக்கணும்ல?"

நான் தேநீரைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. அவர் மறக்கவில்லை.

இதை டிரைவரிடம் தபாலில் சொல்ல முடியாது. ஆயுத பூஜையன்று பண்டமாரானுக்குப் போனேன். துறைமுகத்து லாரிக்காரர்கள் தெரு முழுவதும் லாரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி வைத்திருந்தார்கள். டிரைவர் வீட்டு முன்னால் கறுப்புக் கார் நின்றது. விளக்குகளுக்குப் பொட்டு, ஸ்டியரிங்குக்குப் பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பானெட் திறந்திருந்தது. உள்ளே அந்த நம்பர் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெற்று இரும்பு. உப்புத்தாள், சந்தனம் எதுவும் அதன் அருகில் போகவில்லை.

"தொடவே இல்லீங்க ஐயா" என்றார். அந்த ஒரு இடத்தைத் தொடாமல் இருக்க அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் சொன்னேன். கோப்பு இல்லை என்றேன். யார் அழித்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நானே சொன்னேன்.

"நான் நம்பர அழிச்சேன், நீங்க ஃபைல அழிச்சீங்க" என்றார். "ரெண்டு பேரும் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம்." பிறகு, வந்தவரை வெறுமனே உட்கார வைக்கக் கூடாது என்பதுபோல, பூஜை வேலையைத் தொடர்ந்தார். உள்ளே சுவரிலிருந்த முருகன் படத்தைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைக்கக் கவிழ்த்து வைத்தார். படத்தின் பின்னால் பழுப்பேறிய தாள் ஒன்று செருகியிருந்தது. ஓரத்தில் விபூதி.

தாளின் நடுவில் பென்சிலால் தேய்த்த கறுப்புப் பட்டை. கறுப்புக்குள் வெள்ளையாக எண்கள்.

"என்ன டிரைவர் இது?"

"இதுங்களா? அர்ச்சனைத் தாளு ஐயா. காரு வந்த அன்னைக்கு அர்ச்சனைக்குப் போனேன். ஐயரு பேரு, நட்சத்திரம் கேட்டாரு. பிளேட் நம்பர் இன்னும் வரல. நீங்கதான ஸ்டோர்ல இருந்தீங்க? நான் பானெட்டத் தொறந்து விட்டேன், நீங்க சேசிஸ் நம்பரு மேல தாள வச்சு பென்சில்ல தேச்சு எடுத்தீங்க. ஒண்ணு கோணலாப் போச்சுன்னு தூக்கிப் போட்டீங்க. அத நான் கேட்டு வாங்கிட்டுப் போய் ஐயருகிட்ட குடுத்தேன். அவரு மொத்த நம்பரையும் சொல்லி அர்ச்சனை பண்ணாரு. மூச்சு வாங்கிருச்சு அவருக்கு."

எண்களைப் பார்த்தேன். மூன்றாவதான ஏழு சற்றுச் சாய்ந்திருந்தது, வெளியே நிற்கும் காரில் இருப்பதைப் போலவே. தாளின் மூலையில் அலுவலகத் தேதி முத்திரை, என் சுருக்கொப்பம். குறுக்கே சிவப்பு மையில் பெரிதாக 'ரத்து' என்று இன்னொரு முத்திரை. அந்த நாட்களில் என் கைக்கெட்டும் தூரத்தில் எந்தத் தாள் வந்தாலும் முத்திரை குத்தாமல் விடமாட்டேன்.

"இதை ஏன்யா இத்தனை மாசமா சொல்லலை?"

"நீங்க டாக்குமெண்ட் இருக்கான்னுதான கேட்டீங்க? இது சாமி படத்துக்குப் பின்னால இருக்கற தாளு."

மறுநாளே அதை என் பழைய நாற்காலிப் பெண்மணியிடம் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் மலர்ந்தது நின்றது.

"ரத்துன்னு இருக்கே சார்."

"கோணலா இருந்ததால தாளைத்தான் ரத்து பண்ணேன். நம்பரை இல்லை."

"எனக்குப் புரியுது. ஆனா ரத்தான தாளை வச்சு உறுதி பண்ணலாமான்னு சட்டப் பிரிவுகிட்ட கேக்கணும். நீங்களா இருந்தா கேட்டிருக்க மாட்டீங்களா?"

கேட்டிருப்பேன். இரண்டு பிரதிகளில் கேட்டிருப்பேன்.

சட்டப் பிரிவுக்கும் பதினான்கு நாள் விதி உண்டு. அவர்களும் அதைக் கடைப்பிடித்தார்கள், எங்கள் முறையிலேயே. நவம்பர் கடைசி வந்தது. பெர்மிட் கடிதத்தின் ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. டிரைவரும் நானும் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் எந்த விதியைச் சொல்லித் தவணை கேட்பது என்று யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு விதியும் கைகொடுக்காமல் கௌண்டருக்குப் போனது அன்றுதான்.

கௌண்டரில் இருந்த இளைஞர் கடிதத்தைப் பார்த்தார். "சோதனை ரிப்போர்ட் இருக்கா, அங்கிள்?"

"இல்லை. காரணம் என்னன்னா..."

"ரிப்போர்ட் இல்லைன்னா தவணை கெடையாது, அங்கிள். பின்னால ஆளு நிக்கிறாங்க."

நான் தள்ளி நின்றேன். டிரைவர் தள்ளவில்லை. பிளாஸ்டிக் பையைக் கௌண்டர்மேல் கவிழ்த்தார். ஏழு இடைக்காலப் பதில்கள். ஒவ்வொன்றின் வலது மூலையிலும் சின்னதாக மஞ்சள் பொட்டு.

"தம்பி, இதையும் கொஞ்சம் பாருங்க. எல்லாம் கவர்மெண்ட் லெட்டரு."

இளைஞர் ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, அண்ணே."

"ஆமாங்க. ஏழு வாட்டி எழுதியிருக்காங்க."

அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "வேற கவர்மெண்ட் டிபார்ட்மெண்ட் கவனத்துல இருக்குன்னா தாமதம் உங்க தப்பு இல்லையாம். மூணு மாசம் குடுக்கலாமாம். காப்பி எடுத்துக்கறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "இத ஏன் அங்கிள் முதல்லியே காட்டல?"

அந்தக் காகிதங்களில் ஒன்றுமே இல்லை என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. எழுதியவனுக்குத் தெரிந்த அந்த விஷயம் டிரைவருக்குத் தெரியாததால் பெர்மிட் தப்பியது. வெளியே வந்ததும் அவர் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கித் திரும்பப் பையில் வைத்தார். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரும் கோப்பை இவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை.

டிசம்பரில் இரண்டு இடைக்காலப் பதில். ஜனவரியில் ஒன்று. டிரைவர் தினமும் காலையில் காரில் ஏறி எஞ்சினைப் போட்டு, பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டு இறங்குவாராம். இடத்தைவிட்டு நகர்த்தமாட்டார். தேறாத வண்டியைத் தெருவில் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்று அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

பிறகு ஒரு பகல், மனைவி தபாலோடு அறைக்குள் வந்தாள். "உங்கட ஆக்கள் திரும்பவும் எழுதியிருக்கினம்" என்றாள். உறை சற்றுக் கனமாக இருந்தது. பிரித்தேன். முதல் வரி எனக்குப் பழக்கமான வரி இல்லை. அதிலிருந்தே தெரிந்துவிட்டது. இக்கோப்பில் அசலும் இணைப்பில் நகலுமாக உள்ள பென்சில் பிரதி, வடிவத்தில் ரத்து செய்யப்பட்டிருப்பினும், அதிலுள்ள எண் மேற்படி வாகனத்தின் எண்ணே என்று இந்த அலுவலகம் உறுதி செய்கிறது. கீழே என் பழைய நாற்காலியின் கையெழுத்து. நான் எழுதியிருந்தால் ஒரு பத்தி கூட்டியிருப்பேன். அவர் எழுதியதே மேல்.

பண்டமாரானில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு டெலிபோன் செய்து, அவரைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்து எடுத்தார்.

"டிரைவர், பதில் வந்திருக்கு."

"கவனத்துல இருக்குங்களா, ஐயா?"

"இல்லை. முடிஞ்சிருக்கு."

கடையில் யாரோ தேங்காய் உடைக்கும் ஓசை கேட்டது. பிறகு அவர் கேட்டார்: "அந்தத் தாள் என்ன ஆச்சுங்க? திரும்பக் குடுப்பாங்களா? படத்துக்குப் பின்னால வைக்கணும்."

அதற்கப்புறம் நம்பரைத் திரும்பக் குத்தியது, அந்த மலாய் அதிகாரி சான்றில் கையெழுத்துப் போட்டது, பெர்மிட் வந்தது எல்லாம் விதிப்படி அதனதன் நாளில் நடந்தன. விதிப்படி நடந்ததில் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. எட்டு வருடம் அவர் அந்தக் காரைக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓட்டினார். நான் ஏறினால் முன்சீட்டில்தான் உட்காருவேன், ஸ்பிரிங்கை நினைத்து. அவர் கேட்ட தாளுக்காக எழுதிய என் இரண்டாவது கடிதம் இன்னும் கவனத்தில் உள்ளது.

எண்ணை உறுதி செய்த அந்தப் பதிலின் பிரதி என்னிடம் இருக்கிறது. வந்த அன்றே, பழக்கதோஷத்தில், வீட்டில் வைத்திருந்த பழைய ரப்பர் முத்திரையை எடுத்து மூலையில் குத்தினேன். மை காய்ந்துபோயிருந்ததால் சரியாக விழவில்லை. அதன் கீழே பேனாவால் எழுதி வைத்தேன்: வரப்பெற்றது, தைப்பூசத்துக்கு முந்தின நாள்.